காக்கி புக்கிட் அண்ணனுக்கு

போன சனிக்கிழமை சாயங்காலம், காக்கி புக்கிட்டில் ஜெனரேட்டர் டிரெய்லரோடு மழையில் முழித்துக்கொண்டு நின்ற ஃபோர் வீல் டிரைவ்காரன் நான்தான், அண்ணே. டிரெய்லரை இழுக்கும் டோ பார் மாட்டி வயரிங் செய்த கடை மூடிவிட்டது. இடது சிக்னல் போட்டால் டிரெய்லரின் எல்லா விளக்கும் சேர்ந்து மினுக்கின.

நான் கூப்பிடவே இல்லை. பக்கத்துப் பட்டறையில் கை கழுவிக்கொண்டிருந்த நீங்களே வந்தீர்கள். "பல்பெல்லாம் சரி தம்பி, எர்த்துதான் பிடிக்கல" என்றீர்கள். டிரெய்லர் விளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கும் 7 பின் சாக்கெட்டிலிருந்து வெள்ளை எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், அதைப் பெயிண்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள்! பெயிண்ட் தடுத்ததால், திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் மற்ற விளக்குகளுக்குள் புகுந்திருக்கிறது. உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினீர்கள். அப்புறம், வளைவில் இழுபடாமல் இருக்க வயரைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினீர்கள். நான் குடை பிடித்ததோ சாக்கெட்டுக்கு; நீங்கள் தொப்பலாக நனைந்துவிட்டீர்கள்.

பணம் நீட்டினேன், வாங்கவில்லை. பேர் கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

உங்கள் டெஸ்ட் பல்பு என் வண்டியிலேயே கிடக்கிறது, அண்ணே. வரும் சனிக்கிழமை அதே நேரத்துக்கு அங்கேயே எடுத்து வருகிறேன். தே தாரிக் டீ என் செலவு.