முடியாத சந்தாவை முடியப்போவதாக அறிவிக்காதீர்கள்: தமிழ் இதழ்களின் வெளியீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வெளியீட்டாளர்களுக்கும் சந்தாப் பிரிவில் பணியாற்றும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்கு வரும் வார, மாத இதழ்களின் சந்தாக் கணக்கை நெடுங்காலமாக நான் கவனித்து வருகிறேன். படிப்பகத்துக்கு வந்து செல்லும் மூத்த வாசகர்கள் பலர், தங்கள் வீட்டுக்கு வரவழைக்கும் இதழ்களுக்கான பணத்தையும் என்னிடமே கொடுத்துக் கட்டச் சொல்வதால், நீங்கள் அனுப்பும் நினைவூட்டல் கடிதங்களும் குறுஞ்செய்திகளும் வாட்ஸ்அப் தகவல்களும் பெரும்பாலும் என் கைக்கு வந்துவிடுகின்றன. அவற்றையெல்லாம் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் உங்கள் முன் ஒரு கோரிக்கையை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். சந்தா முடிய இன்னும் பல மாதங்கள் இருக்கும்போது, அது முடியப்போகிறது என்று வாசகருக்கு அறிவிப்பதை நிறுத்துங்கள்.

அண்மையில் வந்த ஓர் அறிவிப்பில் இப்படி இருந்தது: “அன்பார்ந்த வாசகருக்கு, தங்கள் சந்தா விரைவில் முடிவடைய உள்ளது. இதழ் தடையின்றிக் கிடைக்க உடனே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.” அதன் கீழே வங்கிக் கணக்கு எண்ணும், கைப்பேசியில் படமெடுத்துப் பணம் செலுத்துவதற்கான கியூஆர் குறியும் இருந்தன. சந்தா எண்ணோ சந்தா முடியும் மாதமோ எங்கும் இல்லை. அதே வாரத்தில் அந்த வாசகருக்கு வந்த இதழின் உறையை எடுத்துப் பார்த்தேன். முகவரிச் சீட்டில், பெயருக்கு மேலே பொடி எழுத்தில் சந்தா எண்ணும் அதற்குப் பக்கத்தில் முடியும் மாதமும் ஆண்டும் அச்சாகியிருந்தன. அந்த மாதம் வர இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன. சீட்டை அச்சிட்ட கணினிக்கும் அறிவிப்பை அனுப்பிய கணினிக்கும் பட்டியல் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஆகவே, தெரிந்திருந்த தேதியை வாசகரிடம் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள் என்றே நான் கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த வாசகர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. இதழ் நின்றுவிடுமோ என்ற பதற்றத்தில், ஓய்வூதியம் வந்த அன்றே பணத்தை அனுப்பிவிட்டார். அடுத்த மாத இதழின் சீட்டில் புதிய முடிவு மாதம் அச்சாகி வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. பழைய சந்தா முடியும் மாதத்திலிருந்து ஓராண்டைக் கூட்டாமல், பணம் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டைக் கணக்கிட்டிருந்தார்கள். அவர் ஏற்கெனவே விலை கொடுத்திருந்த ஐந்து இதழ்கள் கணக்கிலிருந்து காணாமல் போயிருந்தன. தொலைபேசியில் அழைத்தேன். சந்தாப் பிரிவில் பேசிய பெண் மிகுந்த மரியாதையோடுதான் பேசினார். “பணம் வந்த தேதியிலேர்ந்துதான் சார் சிஸ்டம் எடுத்துக்கும், நாங்க மாத்த முடியாது” என்றார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்த ‘சிஸ்டத்தை’ அப்படி அமைக்கச் சொன்னவர்களிடம்தான் பேச விரும்புகிறேன்.

இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பாருங்கள். ஓர் மாத இதழின் ஆண்டுச் சந்தா 300 ரூபாய் என்று கொள்வோம். 12 இதழ்களுக்கு அது இதழொன்றுக்கு 25 ரூபாய். ஐந்து மாதம் முன்னதாக வரும் அறிவிப்பை நம்பி ஒவ்வொரு முறையும் உடனே பணம் கட்டுகிற வாசகர், பணம் கட்டிய நாளிலிருந்தே புதிய ஆண்டு தொடங்குமானால், ஏழு மாதத்துக்கு ஒருமுறை முழு ஆண்டுச் சந்தாவைக் கட்டிக்கொண்டிருப்பார். ஏழு இதழ்களுக்கு 300 ரூபாய் என்றால் இதழொன்று ஏறத்தாழ 43 ரூபாய் ஆகிறது. கடையில் தனி இதழாக வாங்குபவரைவிடவும் அவர் அதிகம் கொடுத்திருக்கக்கூடும். உங்களை முழுமையாக நம்பி, சொன்னவுடன் பணம் அனுப்புகிறவருக்குத்தான் இந்த இழப்பு. அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறவருக்கு எந்த இழப்பும் இல்லை. நெடுநாள் உடன் வந்த வாசகரைத் தண்டிக்கும் இந்த முறையை எந்த வெளியீட்டாளரும் மனமறிந்து விரும்பமாட்டார் என்றே நம்புகிறேன்.

எல்லா இதழ்களும் இப்படிச் செய்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்கூட்டிக் கட்டினாலும் பழைய முடிவுத் தேதியிலிருந்தே புதிய சந்தாவைத் தொடங்கி, அதைக் குறிப்பிட்டு ரசீது அனுப்புகிற இதழ்கள் எங்கள் படிப்பகத்துக்கு வருகின்றன. ஆனால் எந்த இதழ் எப்படிக் கணக்கிடும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் வாசகரால் அறிய முடிவதில்லை. அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

முன்னதாக நினைவூட்டுவதற்கு உங்களுக்குக் காரணங்கள் இருக்கின்றன என்பதை நான் அறிவேன். முகவரிச் சீட்டுகள் இதழ் அச்சாவதற்கு முன்பே தயாராக வேண்டும். அஞ்சலில் கடிதம் போய்ச் சேரவும் காசோலை வந்து சேரவும் நாளாகும். முதல் நினைவூட்டலுக்கே பணம் அனுப்புகிறவர்கள் குறைவு. பணவிடைத் தாளின் அடியில் சந்தா எண்ணை எழுதி அனுப்பிவிட்டுப் பல நாள் காத்திருந்த காலத்தில் இரண்டு மாத அவகாசம் நியாயமானதாகவே இருந்தது. வெளிநாட்டுச் சந்தாதாரர்களுக்கு இன்றும் அது தேவைப்படலாம். ஆனால் உள்ளூர் வாசகர் கைப்பேசியிலிருந்து அனுப்பும் பணம் நொடிப் பொழுதில் உங்கள் கணக்கில் ஏறிவிடுகிற இந்நாளில், ஐந்து ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டிய அவசியம் அஞ்சல் தாமதத்தால் வருவதல்ல. கையில் பணம் வேண்டும் என்பதால் வருவது.

அந்தத் தேவையையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2019 ஜூலை மத்திய நிதிநிலை அறிக்கையில் செய்தித்தாள் காகிதத்துக்கு 10 விழுக்காடு இறக்குமதி வரி விதிக்கப்பட்டதும், 2020இல் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதும், 2022இல் உக்ரைன் போரை ஒட்டிக் காகித விலை உலகெங்கும் ஏறியதும் பத்திரிகைத் துறையை எவ்வளவு வாட்டின என்பதைத் தமிழ் வாசகர்கள் இதழ்களின் மெலிந்த பக்கங்களிலேயே பார்த்தார்கள். விளம்பர வருவாய் இணையத்துக்குப் போய்விட்ட பிறகு, சந்தாப் பணம்தான் பல சிற்றிதழ்களின் மூச்சு. 1959 முதல் 1970 வரை வந்த ‘எழுத்து’ தொடங்கி இன்றுவரை, நம் தீவிர இதழ்கள் சிறு எண்ணிக்கையிலான சந்தாதாரர்களின் பொறுமையில்தான் நடந்து வந்திருக்கின்றன. பணம் தேவை என்றால் அதை வெளிப்படையாகக் கேளுங்கள். “காகித விலை ஏறியிருக்கிறது, அடுத்த மாதம் முதல் சந்தாவை உயர்த்துகிறோம், இப்போதே புதுப்பித்தால் பழைய கட்டணம், உங்கள் நடப்புச் சந்தா இன்ன மாதம் வரை இருக்கிறது, புதிய ஓராண்டு அதற்குப் பிறகே தொடங்கும்” என்று எழுதினால், எங்கள் வாசகர்களில் பாதிப்பேர் அன்றைக்கே பணத்தை என்னிடம் கொடுத்துவிடுவார்கள். மறைத்துக் கேட்கும்போதுதான் மனம் கசக்கிறது.

ஒன்றை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். சந்தா என்பது, இன்னும் அச்சாகாத இதழ்களுக்காக வாசகர் முன்கூட்டிக் கொடுத்து வைத்திருக்கும் பணம். கணக்கியல் முறைப்படியும், இதழ் போய்ச் சேரும்வரை அது வெளியீட்டாளரின் வருமானமாகாது. வாசகருக்குத் தர வேண்டிய பொறுப்பாகவே ஏட்டில் இருக்க வேண்டும். முன்கூட்டிக் கட்டும் ஒவ்வொரு மாதமும் வாசகர் உங்களுக்கு வட்டியில்லாமல் கடன் தருகிறார். அதில் அவர் ஏற்கும் ஆபத்தும் சிறியதல்ல. 2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கம் வந்து அச்சும் விநியோகமும் முடங்கியபோது, பல இதழ்கள் மாதக்கணக்கில் வெளிவரவில்லை. நெடிய வரலாறு கொண்ட இதழ்கள் சில அச்சு வடிவத்தையே கைவிட்டு இணையத்துக்குப் போயின. கைப்பேசியில் படிக்க இயலாத முதியவர்களுக்கு, கட்டி வைத்த சந்தா அத்துடன் பயனற்றுப் போயிற்று. இதைக் கண்ட பிறகும் அவர்கள் உங்களுக்கு முன்பணம் அனுப்புகிறார்கள் என்றால், அது உங்கள் மீதுள்ள பற்று. அந்தப் பற்றுக்கு நீங்கள் தர வேண்டிய குறைந்தபட்ச மரியாதை, சரியான தேதியைச் சொல்வது.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் நோக்கமன்று. ஆனாலும் சட்டம் எந்தத் திசையில் போகிறது என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. சரக்கு அல்லது சேவை குறித்து நுகர்வோரைத் தவறாக எண்ணவைக்கும் கூற்றுகளை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்று கொள்கிறது. அச்சட்டத்தின் கீழ் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வணிகத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டன. இல்லாத அவசரத்தை உண்டாக்கி உடனே வாங்கவைப்பதும், ஓயாமல் நச்சரிப்பதும், சந்தா வலையில் சிக்கவைப்பதும் அவற்றில் உள்ளன. தானாகப் பிடித்தம் செய்யப்படும் கட்டணங்களுக்கு, குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, வாங்கும் நிறுவனத்தின் பெயர், தொகை, நாள், காரணம் ஆகியவற்றோடு வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வகுத்திருக்கிறது. ஆயுள் காப்பீட்டுப் பிரீமிய அறிவிப்பில் பாலிசி எண்ணும் தொகையும் கெடு தேதியும் இருக்கின்றன. எழுத்தையே தொழிலாகக் கொண்ட உங்களிடமிருந்து வரும் அறிவிப்பில் இவை இல்லாமலிருப்பதை எப்படி ஏற்பது?

இதில் இன்னொரு தீங்கும் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். சந்தா எண்ணும் தேதியும் இல்லாமல், “உடனே புதுப்பியுங்கள்” என்ற வரியும் ஓர் இணைப்பும் மட்டுமே கொண்ட செய்தியை நீங்களே அனுப்பிப் பழக்கிவிட்டால், நாளை ஒரு மோசடிக்காரன் உங்கள் இதழின் பெயரில் அதே போன்ற செய்தியை அனுப்பும்போது, எது உங்களுடையது, எது அவனுடையது என்று எழுபது வயதைக் கடந்த ஒருவர் எப்படிப் பிரித்தறிவார்? பணம் போன பிறகு 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யலாம் என்பதே எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. உங்கள் அறிவிப்பில் சந்தா எண்ணும், முகவரிச் சீட்டில் உள்ள அதே முடிவு மாதமும் இருந்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து உறுதிசெய்துகொள்ள அவரால் முடியும். போலிச் செய்தி அனுப்புகிறவனுக்கு அந்த இரண்டு விவரங்களும் எளிதில் கிடைக்காது.

படிப்பகத்தில் நாங்கள் இப்போது ஒரு வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறோம். ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பக்கம் என்று ஒரு நோட்டு வைத்து, அண்மை இதழின் முகவரிச் சீட்டைக் கிழித்து அதில் ஒட்டி, பணம் கட்டிய நாளையும் ரசீது எண்ணையும் பக்கத்தில் குறித்து வைக்கிறோம். அறிவிப்பு எதுவானாலும் நோட்டைப் பார்க்காமல் பணம் அனுப்புவதில்லை. கடைசி இரண்டு இதழ்கள் பாக்கி இருக்கும்போதுதான் புதுப்பிக்கிறோம். மற்ற ஊர் வாசகர்களும் இப்படிச் செய்யலாம். ஆனால் தனியாக வாழும் ஒரு முதியவரிடம் இதை எதிர்பார்ப்பது முறையாகாது. உங்கள் அலுவலகம் ஒருமுறை செய்துவிட்டால் எல்லாருக்கும் தீர்ந்துவிடுகிற வேலை இது.

ஆகவே, புதுப்பிப்பு அறிவிப்பு எந்த வழியாக வந்தாலும் அதில் சந்தா எண், முடியும் மாதம், மீதமுள்ள இதழ்களின் எண்ணிக்கை ஆகியவை இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாத இதழாயின் கடைசி இரண்டு இதழ்களுக்கு முன்னும், வார இதழாயின் கடைசி ஆறு வாரங்களுக்கு முன்னும் முதல் நினைவூட்டலைத் தவிருங்கள். பணம் கட்டிய வாசகருக்கு மறுபடியும் நினைவூட்டல் போகாதபடி பட்டியலைச் சரிசெய்யுங்கள். தாய்க்கும் மகனுக்கும் தனித்தனியாகச் செய்தி போய் இருவரும் கட்டிவிடுகிற குழப்பம் எங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது. எப்போது கட்டினாலும் புதிய காலம் பழைய காலத்தின் முடிவிலிருந்தே தொடங்கும் என்பதை எழுத்துப்பூர்வமாக அறிவியுங்கள். இதுவரை முன்கூட்டிக் கட்டி இதழ்களை இழந்தவர்கள் ரசீதோடு எழுதினால், அந்த இதழ்களை அவர்கள் கணக்கில் திரும்பச் சேருங்கள். சலுகை அறிவிப்பு அனுப்ப விரும்பினால் தாராளமாக அனுப்புங்கள். அதைச் சலுகை என்றே அழையுங்கள்.

இம்மடலுக்கான உங்கள் பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டியதில்லை. ஒவ்வொரு இதழிலும் ஆசிரியர் குழு விவரமும் சந்தா விவரமும் அச்சாகும் அந்தப் பக்கத்தில், சந்தாக் காலத்தை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்பதை இரண்டு வரியில் வெளியிடுங்கள். வரும் ஆண்டுக்கான சந்தாக்களை எங்கள் படிப்பகம் அந்த வரிகளைப் படித்த பிறகே முடிவு செய்யும்.

இப்படிக்கு,
உங்கள் இதழ்களின் நெடுநாள் சந்தாதாரன்