அறிவிக்காமல் பொது ஐபி முகவரியை எடுத்துவிட்டது தொடர்பான முறைப்பாடு

கல்லடி, மட்டக்களப்பு

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

கல்முனையில் மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு மென்பொருள் இருப்பது கல்லடி வீட்டுக் கணினியில். கடையில் இருந்தபடியே மடிக்கணினி வழியாக வீட்டுக் கணினியைத் திறந்து வேலை செய்வதுதான் என் வழக்கம். அதற்கு உங்கள் இணைய இணைப்பில் பொது ஐபி முகவரி, அதாவது வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய முகவரி, இருந்தது. சென்ற மாதம் ஒருநாள் அது நின்றுவிட்டது. முதலாளி பில் புத்தகத்தோடு பக்கத்தில் நிற்கிறார், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்கு அழைத்தால் அம்மா, "ரவுட்டர்ல லைட் எல்லாம் பச்சையாத்தானே எரியுது" என்கிறா. அன்று பஸ் ஏறி வீட்டுக்கு வந்துதான் வேலையை முடித்தேன்.

உங்கள் சேவை இலக்கத்துக்கு ஐந்து தடவை அழைத்தேன். ஐந்து தடவையும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அப்புறம் வந்த தொழில்நுட்பத் தம்பி தன் போனில் வேகத்தைப் பார்த்து, "ஸ்பீட் நல்லா இருக்கு அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் வேகத்தைப் பற்றி முறையிடவே இல்லை.

கடைசியில் நானே பார்த்தேன். ரவுட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது நீங்கள் அதற்குக் கொடுக்கும் முகவரி, 100.72 என்று தொடங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரிவது வேறொரு முகவரி. 100.64 முதல் 100.127 வரையான தொகுதி, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் சீஜிநாட் (CGNAT) முறைக்கு ஒதுக்கப்பட்டது. அதற்குள் போட்டுவிட்டால் என் ரவுட்டரில் எந்தப் போர்ட்டை, அதாவது வெளி இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசலை, திறந்தும் பயனில்லை. வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் கருவியோடு நின்றுவிடும்.

பாதுகாப்புக்காகச் செய்தோம் என்று சொல்லிவிடாதீர்கள். கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 போர்ட்டை நான் ஒருநாளும் வெளியே திறந்து வைத்ததில்லை. பூட்டிய தனிப்பாதை (விபிஎன்) அமைக்கும் வயர்கார்டுக்கு ஒரேயொரு யூடிபி போர்ட், அவ்வளவுதான்.

பழைய முறையான ஐபிவி4 முகவரிகளுக்குத் தட்டுப்பாடு இருப்பது எனக்கும் தெரியும். நமது பிராந்தியத்துக்கு முகவரி வழங்கும் ஏப்னிக் 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. மாற்றியதற்கல்ல, ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பாமல் மாற்றியதற்குத்தான் கோபம். வணிகப் பொதிக்கு மாறினால் நிலையான, அதாவது மாறாத, ஐபி தரலாம் என்கிறார்கள். நான் நிலையானதைக் கேட்கவில்லை. முன்பும் முகவரி மாறிக்கொண்டுதான் இருந்தது. மாறும் முகவரியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் வைத்துச் சமாளித்தேன்.

ஆகவே, மேலதிகக் கட்டணமின்றிப் பொது முகவரியைத் திருப்பித் தாருங்கள். முடியாவிட்டால் தட்டுப்பாடில்லாத புதிய முறையான ஐபிவி6 முகவரியாவது தாருங்கள். இரண்டும் முடியாதென்றால் அதை எழுத்தில் தந்து, தண்டப்பணமின்றி இணைப்பைத் துண்டிக்க விடுங்கள். பதினான்கு நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லும் பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
கல்லடி வாடிக்கையாளர்