மினியாபொலிஸிலிருந்து திரும்பிய பிறகு

மினசோட்டா,
2009 செப்டம்பர் 3

அன்புள்ள ஐயரே,

சென்னை கீழ்ப்பாக்கம் குருகுல இறையியல் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் மூட்டைப்பூச்சியைப் பங்குபோட்டுக்கொண்ட உன்னை, லுத்தரன் போதகரைக் கூப்பிடும் வழக்கப்படி ஊரே 'ஐயர்' என்று கூப்பிடுகிறது என்பது எனக்கு இன்றுவரை பழகவில்லை. உன் கடிதம் போன வாரம் வந்தது. குருமனைக் கூரை இந்த ஐப்பசிக்குள் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். போன வருடமும் இதையேதான் எழுதினாய். தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்து இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஸ்தோத்திரம் சொன்னோம்.

ஒரே பாலின உறவு பற்றிக் கடைசிப் பக்கத்தில் நீ ஒரே வரியில் கேட்ட கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். "உங்கள் சபை என்னதான் முடிவு செய்தது, நீ எந்தப் பக்கம்?" தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நடுவில் நீ குறுக்கே பேசுவாய், நான் கோபப்படுவேன், அட்டை தீர்ந்துவிடும்.

ஆகஸ்ட் 17 முதல் 23 வரை மினியாபொலிஸ் மாநாட்டு மையத்தில் எங்கள் அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தேசியப் பேரவை கூடியது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடும். 65 சினாடுகளிலிருந்து (திருச்சபையின் வட்டாரப் பிரிவுகள்) வாக்குரிமையோடு வந்தவர்கள் 1,045 பேர். அதில் ஐயர்கள் குறைவு. பத்தில் ஆறு பேராவது குருப்பட்டம் பெறாத சபையாராக இருக்கவேண்டும், அந்தச் சபையாரிலும் பாதி பெண்கள் என்பது விதி. எங்கள் சினாடு இந்த முறை என்னையும் அனுப்பியது. எனக்கு இடப்பக்கம் சோளமும் சோயாவும் போடும் ஒரு விவசாயி. வலப்பக்கம் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். அவர் கைப்பையிலிருந்து புதினா மிட்டாய் வந்துகொண்டே இருந்தது.

சினாடு கூட்டம் என்றால் நம் மனதில் வரும் படம் வேறு. நாம் இளம் ஐயர்களாக இருந்தபோது ஒரு கூட்டத்தில் (ஊர் பேர் வேண்டாம்) நாற்காலி பறந்து, போலீஸ் ஜீப் வந்து, நீயும் நானும் பின்வாசல் வழியாக ஓடியது நினைவிருக்கிறதா? இங்கே நாற்காலி பறக்கவில்லை. ஒருவர் ஆதரித்துப் பேசினால் அடுத்தவர் எதிர்த்துப் பேசவேண்டும், மாற்றி மாற்றி. தலைமைப் பேராயர் மார்க் ஹான்சன் நடுநடுவே விவாதத்தை நிறுத்தி ஜெபிக்கச் சொல்வார். முதல் நாள் எனக்கு அது கொஞ்சம் நாடகமாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

அந்த மூன்றாம் நாள், 19ஆம் தேதி புதன்கிழமை. பிற்பகலில் பாலியல் பற்றிய சமூக அறிக்கையை எடுத்துக்கொண்டோம். மனிதப் பாலியல் தேவன் கொடுத்த ஈவு, அது ஒரு நம்பிக்கைப் பொறுப்பு என்று தொடங்கும் நீண்ட ஆவணம். திருமணம், குடும்பம், குழந்தைகளின் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. ஆனால் எல்லாருடைய கண்ணும் ஒரே பகுதியின் மேல்தான். ஒரே பாலினத்தவர் இணைந்து வாழ்வதைப் பற்றித் திருச்சபைக்குள் நான்கு விதமான நம்பிக்கைகள் இருக்கின்றன, நான்கையும் பிடித்திருப்பவர்கள் மனசாட்சியோடுதான் பிடித்திருக்கிறார்கள் என்று அது ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறது.

அப்போதுதான் காற்று வந்தது. சூறாவளிதான். சின்னது என்று பிறகு சொன்னார்கள், ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? மைய மண்டபத்தின் கூரையில் கொஞ்சம் பெயர்ந்தது. பக்கத்துச் சாலையில் இருக்கும் சென்ட்ரல் லுத்தரன் ஆலயத்தின் கோபுரத்துச் சிலுவை முறிந்து தலைகீழாகத் தொங்கியது. உயிர்ச் சேதம் இல்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். அதே ஊரில் பெயர் பெற்ற ஒரு பாப்டிஸ்ட் போதகர், லுத்தரன்கள் மனந்திரும்பத் தேவன் அனுப்பிய எச்சரிப்பு இது என்று உடனே எழுதிவிட்டார். என் விவசாயி நண்பருக்கு அந்த அறிக்கையில் உடன்பாடே இல்லை. ஆனால் இதைக் கேட்டதும், "மினசோட்டாவில் ஆகஸ்டில் சூறாவளி வருவதற்கு லுத்தரன்கள் தேவையில்லை" என்றார்.

மாலையில் வாக்கெடுப்பு. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆளுக்கு ஒரு கையடக்கக் கருவி, பொத்தானை அழுத்தவேண்டும், அவ்வளவுதான். திரையில் எண் வந்தது. ஆதரவு 676, எதிர்ப்பு 338.

கணக்குப் போட்டுப் பார். மொத்தம் 1,014. அதில் மூன்றில் இரண்டு பங்கு சரியாக 676. ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. எழுந்து கழிப்பறைக்குப் போயிருந்த யாரோ ஒருவர் சீக்கிரம் திரும்பி வந்து 'இல்லை' என்று அழுத்தியிருந்தால் போதும், அறிக்கை விழுந்திருக்கும். அந்த 676இல் ஒன்று என்னுடையது. எட்டு வருடப் படிப்பும் விவாதமும் என் கட்டைவிரலில் வந்து நின்ற மாதிரி இருந்தது. கைதட்டல் இல்லை. ஆசிரியையம்மாள் ஒன்றும் பேசாமல் எனக்கு ஒரு மிட்டாயும், என்னைத் தாண்டி விவசாயிக்கு ஒரு மிட்டாயும் கொடுத்தார். அவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமை மெத்தடிஸ்ட் திருச்சபையோடு முழு ஐக்கியம். 958க்கு 51. காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சாதாரண வருடமாக இருந்தால் அதுதான் பெரிய செய்தி. இருநூறு வருடமாக ஒரே ஊரில் எதிரெதிரே ஆலயம் கட்டிய இரண்டு கூட்டம் இனி ஒரே திருவிருந்து மேசையில். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை பாவம்.

வெள்ளிக்கிழமைதான் கனமான நாள். ஒரே பாலினத் துணையோடு வாழ்நாள் உறவில் இருப்பவர்கள் குருத்துவப் பணியில் இருக்கலாமா என்பது. இதுவரை அப்படிப்பட்டவர்கள் தனித்து வாழ்வதாக ஒப்புக்கொண்டால் மட்டுமே குருப்பட்டம். இதற்கும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று சிலர் போராடினார்கள், நடக்கவில்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாயிற்று. நான்கு தீர்மானங்கள். முதலில் எடுத்துக்கொண்டது, ஒருவர் மற்றவரின் கட்டுண்ட மனசாட்சியை மதிப்போம் என்பதை. அது 771க்கு 230 என்று தேறியது. பட்டம் பற்றிய தீர்மானம் 559க்கு 451.

'கட்டுண்ட மனசாட்சி' எங்கிருந்து வந்தது என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. 1521இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பேரரசனின் மன்றத்தில் லுத்தர், தன் மனசாட்சி தேவவசனத்தால் சிறைப்பட்டிருக்கிறது என்று நின்றாரே, அதுதான். குருகுலத்தில் நாம் அதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினோம். ஆனால் அங்கே லுத்தர் ஒருவர், எதிரே பேரரசன். இங்கே இரண்டு பக்கமும் லுத்தர்கள். இரண்டு பேரும் "என்னால் வேறு விதமாகச் செய்யமுடியாது" என்று நிற்கும்போது நடுவில் யார் நிற்பது? ரோமர் 14ஐயும் எடுத்துப் பேசினார்கள், விசுவாசத்தில் பலவீனமுள்ளவனைச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று. அதில் ஒரு சங்கடம். ஒவ்வொரு பக்கமும் எதிர்ப்பக்கம்தான் அந்தப் பலவீனமானவன் என்று நினைத்துக்கொண்டு பெருந்தன்மையோடு உட்கார்ந்திருந்தது.

சரி, நீ எந்தப் பக்கம் என்றாயே. வெள்ளிக்கிழமையும் 'ஆம்' என்றுதான் அழுத்தினேன். விரல் கொஞ்சம் தாமதித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏன் அழுத்தினேன் என்றால், பெரிய இறையியல் காரணம் ஒன்றுமில்லை. நான் திடப்படுத்தல் கொடுத்து (சபையில் முழு அங்கமாகச் சேர்க்கும் சடங்கு) வளர்ந்த ஒரு பையன். என் சபையில் அவனைப் போல வேதம் வாசிக்க ஆளில்லை. இறையியல் கல்லூரிக்குப் போனான், இரண்டாம் வருடம் என் எதிரில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னான், நான் விதியைச் சொன்னேன். இப்போது வேறு ஊரில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. எனக்குக் கிறிஸ்மஸ் அட்டை அனுப்புகிறான், இன்னும்.

நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. ஜூலை 2ஆம் தேதி ஒரே பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு பற்றி டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது நீ எழுதியது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உன் வாதத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. என் இடப்பக்கத்து விவசாயி ஏறக்குறைய அதையேதான் சொன்னார். அம்மா மடியில் கேட்ட வசனத்தை என்னால் வேறு மாதிரி வாசிக்கமுடியவில்லை ஐயா என்றார். அவர் குரலில் வெறுப்பு இல்லை. வெறுப்பு இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

இடைவேளையில் ஒரு வயதான ஐயர் சொன்னது சுவாரசியமானது. 1970இல் சான் அன்டோனியோவில் பழைய அமெரிக்க லுத்தரன் சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தபோது வாக்கு 560க்கு 414ஆம். இன்றைய 559ஐப் பக்கத்தில் வைத்துப் பார். அன்றைக்கும் சபை உடைந்துவிடும் என்றார்கள், அன்றைக்கும் இதே மாதிரி வேதவசனம் பறந்தது என்றார். எனக்கு இந்த ஒப்புமையில் பாதி நம்பிக்கைதான். வேதத்தில் தெபொராள் இருந்தாள், பெபேயாள் இருந்தாள், பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருந்தது. இங்கே நாம் வெறுங்கையோடு ஏறுகிறோம்.

ஒரு சின்ன விஷயம், உனக்குப் பிடிக்கும். நம் குண்டூர் நண்பர்கள் 'ஹையர் ஐயர்' என்று தலையில் வைத்து ஆடுவார்களே, 1842இல் அங்கே முதல் லுத்தரன் மிஷனரியாக வந்த ஜான் கிறிஸ்டியன் ஃப்ரெடெரிக் ஹையர். அவர் இந்தியாவிலிருந்து திரும்பியபின் இங்கே மினசோட்டாவுக்குத்தான் வந்தார். 1860இல் மினசோட்டா சினாடு உருவானபோது அதன் முதல் தலைவர் அவரே. பிறகு 76 வயதில் மறுபடி கப்பல் ஏறி ஆந்திராவுக்குப் போனார். எனக்கு 54 வயதில் இரண்டு மணிநேரம் கார் ஓட்டி மினியாபொலிஸ் போய்வர இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

இப்போது ஊர்க்கதைக்கு வருகிறேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

2001இலேயே பேரவை இந்தப் படிப்பைத் தொடங்கச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு சபைக்கும் பாடப்புத்தகம் வந்தது. ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கீழ்தளத்து மண்டபத்தில் படிப்பு வைத்தேன். ஆறு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் நான்கு. மூன்றாம் வாரம் அறுவடை என்று நானே நிறுத்திவிட்டேன். மீதிப் புத்தகங்களைக் கட்டோடு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அறுவடை முடிந்தது, பனி வந்தது, பனி போனது. நான் அந்த அலமாரியைத் திறக்கவில்லை. அமைதியாக இருக்கிற சபையைக் கிளறுவானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தியாவிலிருந்து வந்த ஐயர், நிறம் வேறு, உச்சரிப்பு வேறு, இந்த வம்பு எதற்கு என்ற பயமும் இருந்தது. அதை நான் பணிவு என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆக, எட்டு வருடம் வாய் திறக்காதவன், ஒரு புதன்கிழமை மாலை ஒரே நொடியில் அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வந்திருக்கிறேன். விதிப்படி நான் யாருடைய பிரதிநிதியும் இல்லை, என் மனசாட்சிப்படி வாக்களிக்க வேண்டியவன். அது சரிதான். ஆனால் 30ஆம் தேதி ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது, என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி, "ஐயா, எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். அவள் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருடமாக அவளுக்குத் திருவிருந்து கொடுக்கிறேன்.

சபைக் காணிக்கையில் தேசியத் திருச்சபைக்கு அனுப்பும் பங்கை நிறுத்தலாம் என்று இரண்டு பேர் சொல்லியாகிவிட்டது. வெளியேறுவது பற்றியும் பேச்சு இருக்கிறது. அதற்குச் சபை இரண்டு முறை வாக்களிக்கவேண்டும், இரண்டு முறையும் மூன்றில் இரண்டு பங்கு, நடுவில் குறைந்தது 90 நாள் இடைவெளி. செப்டம்பர் கடைசியில் தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் இந்தியானாவில் கூடுகிறார்கள். எங்கள் மூப்பர் ஒருவர் போவதாகச் சொன்னார். போய்வந்து சபைக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்றேன். அவருக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நான் தடுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

13ஆம் தேதி ஆராதனைக்குப் பிறகு சபைக் கூட்டம் வைத்திருக்கிறேன். தீர்மானம் எதுவும் கிடையாது, பேச்சு மட்டும். பெண்கள் சங்கத்தார் ஹாட்டிஷ் செய்து கொண்டுவருகிறார்கள் (உருளைக்கிழங்கு, இறைச்சி, டப்பா சூப்பு எல்லாம் ஒன்றாகப் போட்டு ஓவனில் வைப்பது, மினசோட்டா லுத்தரன்களின் மூன்றாம் திருவருட்சாதனம் என்று இவர்களே சிரிப்பார்கள்). உன் அண்ணி தன் பங்குக்கு எலுமிச்சை சாதம் செய்கிறாள். நேற்று அலமாரியைத் திறந்தேன். புத்தகக் கட்டு அப்படியே இருந்தது, கயிறு கூட அவிழ்க்கவில்லை.

உன் பதிலை ஒளிக்காமல் எழுது. திட்டுவதென்றால் திட்டு. மினியாபொலிஸில் ஆயிரம் பேர் நாகரிகமாகப் பேசிக் கேட்டுவிட்டேன், நீ கொஞ்சம் நாகரிகமில்லாமல் பேசினால் நன்றாக இருக்கும். வருகிறவர்கள் யாரிடமாவது மோர்மிளகாய் கொடுத்து அனுப்பு. போன தடவை அனுப்பியது பனிக்காலத்துக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்