அவசர லேப் முடிவுகளைத் தேக்கி வைக்கும் முன்னுரிமை ஃபில்டர் குறித்துப் புகார்

அனுப்புநர்:
ஒருங்கிணைப்புப் பொறியாளர்கள்,
மருத்துவமனைத் தகவல் தொழில்நுட்பப் பிரிவு.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: முன்னுரிமை ஃபில்டர் வேலை செய்யாதது, அதற்கான காரணங்கள், வேண்டிய திருத்தங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் லேப் மென்பொருளையும் வார்டுத் திரைகளையும் இணைப்பது உங்கள் ஒருங்கிணைப்பு மென்பொருள்தான். அதில் முன்னுரிமை ஃபில்டர் என்று ஒரு திரை இருக்கிறது. நிபந்தனையை எழுதி, பக்கத்துப் பெட்டியில் 9 என்று கொடுத்தால் அந்தச் செய்தி மற்றவற்றை முந்திப் போகும் என்று கையேடு சொல்கிறது. அப்படிப் போவதில்லை. இரவில் பதிவுப் பிரிவிலிருந்து ஏ.டி.டி ஏ08 எனப்படும் நோயாளி விவரத் திருத்தச் செய்திகள் மொத்தமாக வந்து இறங்கும்போது, அவசர ரத்தப் பரிசோதனை முடிவு அவற்றுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம். அந்த முடிவு யாருடைய முகவரித் திருத்தத்துக்காகவும் காத்திருக்கக் கூடாது.

உங்கள் உதவிப் பிரிவு ஒவ்வொரு முறையும் சர்வரின் மெமரியைக் கூட்டச் சொல்கிறது. மெமரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கோளாறு ஐந்து இடங்களில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் சோதனை சர்வரில் தனித்தனியாகப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

முதலாவது, ஃபில்டர் தவறான இடத்தில் தேடுகிறது. உங்கள் மாதிரி நிபந்தனை ஓ.பி.ஆர்-27 என்ற புலத்தின் ஆறாவது கூறில் 'எஸ்' (ஸ்டாட், அதாவது அவசரம்) இருக்கிறதா என்று பார்க்கிறது. மருத்துவச் செய்திகளுக்கான தரமுறையான எச்.எல்.7இல் பதிப்பு 2.5 முதல் அவசரக் குறியீட்டுக்கு உரிய இடம் டி.கியூ.1-9. பழைய புலம் பின்னோக்கிய இணக்கத்துக்காக மட்டும் விட்டுவைக்கப்பட்டது. எங்கள் லேப் 2.5.1இல் அனுப்புவதால் ஓ.பி.ஆர்-27 காலியாகவே வருகிறது. சரி என்று டி.கியூ.1-9க்கு மாற்றினாலும் பொருந்தவில்லை. வருவது 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து அல்ல, 'எஸ்^ஸ்டாட்^எச்.எல்.70485' என்ற முழுச் சரம். முதல் கூறை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிட்டால்தான் பொருந்தும். இதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது, பெட்டியில் கொடுக்கும் 9 எங்கும் போய்ச் சேர்வதில்லை. புரோக்கரின் (செய்திகளை வாங்கி வரிசையில் வைத்து அனுப்பும் மென்பொருள்) வெப் கன்சோலில் கியூவை, அதாவது செய்தி வரிசையை, திறந்து பாருங்கள், எல்லாச் செய்தியும் முன்னுரிமை 4 என்றே நிற்கும். ஜாவாவில் செய்தி அனுப்பும் தரமுறையான ஜே.எம்.எஸ்.இல் முன்னுரிமை 0 முதல் 9 வரை, இயல்பு மதிப்பு 4. செய்தியின் மேலேயே முன்னுரிமையை எழுதினால் அனுப்பும் நேரத்தில் அது கணக்கில் எடுக்கப்படாது. புரொட்யூசரில் (செய்தியை அனுப்பும் நிரல் பகுதி) வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பும் அழைப்பிலேயே கொடுக்க வேண்டும். உங்கள் நிரல் செய்திமேல் எழுதிவிட்டு இருந்துவிடுகிறது என்பதுதான் எங்கள் முடிவு, ஏனென்றால் அதே கியூவுக்கு நாங்கள் எழுதிய சிறு நிரலில் புரொட்யூசரில் 9 வைத்து அனுப்பியபோது கன்சோலில் 9 என்றே தெரிந்தது.

மூன்றாவது, 9 போய்ச் சேர்ந்தாலும் பயன் இல்லை. நீங்கள் உள்ளே வைத்துத் தரும் புரோக்கர் ஆக்டிவ்எம்கியூ கிளாசிக். அதில் முன்னுரிமை வரிசை இயல்பாக அணைந்திருக்கும். அந்தந்த கியூவின் பாலிசி என்ட்ரியில் (அமைப்புப் பதிவில்) 'பிரயாரிட்டைஸ்டு மெசேஜஸ்' என்பதை ட்ரூ ஆக்க வேண்டும். அதோடு முடியவில்லை. கியூவுக்கான ப்ரீஃபெட்ச் (முன்கூட்டியே அனுப்பிவைக்கும் எண்ணிக்கை) இயல்பாக 1000, அதாவது கன்ஸ்யூமரின் (செய்தியை எடுக்கும் நிரல் பகுதி) கையில் ஏற்கெனவே ஆயிரம் சாதாரணச் செய்திகள் போய்விட்டிருக்கும். கன்ஸ்யூமர் மெதுவானால் புரோக்கரின் தற்காலிக நினைவகமான கேஷும் சாதாரணச் செய்திகளால் நிரம்பி, அவசரச் செய்தி டிஸ்க்கிலேயே தங்கிவிடும். அதனால் ப்ரீஃபெட்ச் 1, 'யூஸ் கேஷ்' ஃபால்ஸ், 'எக்ஸ்பயர் மெசேஜஸ் பீரியட்' (காலாவதிச் சோதனை இடைவெளி) 0 என மூன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். வேகம் குறையும், ஆகவே இதை எல்லா கியூவுக்கும் பொதுவாகப் போடாமல் தேவையான கியூவுக்கு மட்டும் போட வேண்டும். புரோக்கரின் ஆவணத்தில் இவை தெளிவாகவே இருக்கின்றன, அதன்மேல் எங்களுக்குக் குறை இல்லை. புரோக்கர் செய்திகளை டிஸ்க்கில் வைக்கும் கஹாடிபி சேமிப்பில் முன்னுரிமை மூன்று அடுக்குதான் என்பதும் அதே ஆவணத்தில் உண்டு: 4க்குக் கீழே, 4, 4க்கு மேலே. உங்கள் திரையில் 5க்கும் 9க்கும் வேறு வேறு நிறம் காட்டுவது பயனரைத் தவறாக வழிநடத்துகிறது.

நான்காவதுதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. உங்கள் பொறியாளர் மாற்று வழியாகச் சொன்னது, ஒரே கியூவில் செலக்டர் (எந்தச் செய்தியை எடுப்பது என்ற நிபந்தனை) வைத்து இரண்டு கன்ஸ்யூமர் ஓட்டுவது. நீங்களே சோதிக்கலாம். எல்லாக் கன்ஸ்யூமரையும் நிறுத்துங்கள். 300 சாதாரணச் செய்திகளைப் போட்டு, பின்னால் 1 அவசரச் செய்தியைப் போடுங்கள். அவசரத்துக்கான கன்ஸ்யூமரை மட்டும் தொடங்குங்கள். எதுவும் வராது. சாதாரணச் செய்திகளை 150 ஆக்கிப் பாருங்கள், உடனே வரும். புரோக்கர் ஒரு நேரத்தில் மெமரிக்கு ஏற்றும் பக்கத்தின் அளவு இயல்பாக 200. அந்த 200இல் எதுவும் செலக்டருக்குப் பொருந்தாவிட்டால் பின்னால் நிற்பதை அது எட்டிப் பார்ப்பதில்லை. 'மேக்ஸ் பேஜ் சைஸ்' மதிப்பைக் கூட்டுவது தள்ளிப்போடும் வேலை. ஏ08 குவியல் அதையும் ஒருநாள் தாண்டும்.

ஐந்தாவது, அந்த இரண்டு செலக்டர்களில் ஒன்று 'எஸ்'ஸுக்குச் சமம், மற்றது 'எஸ்'ஸுக்குச் சமம் அல்ல. குறியீடே இல்லாமல் வரும் செய்தி இரண்டிலும் சேராது. செலக்டர் பின்பற்றும் எஸ்.கியூ.எல். விதிப்படி 'நல்' (null, மதிப்பே இல்லாத நிலை) என்பதோடு ஒப்பிட்டால் விடை 'தெரியாது', ஆகவே செய்தி யாராலும் எடுக்கப்படாமல் கியூவில் கிடக்கும். பிழைப் பதிவும் வராது. இரண்டாவது செலக்டரில் 'இஸ் நல்' நிபந்தனையை 'ஆர்' போட்டுச் சேர்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது தனி கியூ. நுழைவாயிலிலேயே செய்தி வகைக் குறியீட்டைப் படித்து, ஏ08 குவியலை ஒரு கியூவுக்கும் மற்றவற்றை வேறொரு கியூவுக்கும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கன்ஸ்யூமர் வைத்தால் செலக்டரே தேவைப்படாது. ஒரு கவனம் வேண்டும்: ஏ01, ஏ04 பதிவுச் செய்திகளை மெதுவான ஏ08 கியூவில் போட்டுவிடக் கூடாது. பரிசோதனைக் கோரிக்கை பதிவை முந்தினால், நோயாளியே இல்லை என்று எதிர்முனை ஏ.இ. (பிழை) பதிலோடு திருப்பி அனுப்பும். வேகமான கியூவுக்குள்ளும் செய்தியின் குழு அடையாளமான ஜே.எம்.எஸ்.எக்ஸ். குரூப் ஐ.டி.யில் நோயாளி எண்ணை வைத்தால் ஒருவருடைய செய்திகள் ஒரே கன்ஸ்யூமருக்குப் போகும். இரண்டு நோயாளி எண்களை ஒன்றாக்கும் ஏ40 செய்தி எந்த கியூவில் போக வேண்டும் என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. அது ஏ08ஐ முந்தினால் பழைய எண்ணுக்குத் திருத்தம் போய்ச் சேரும். இதற்கு உங்கள் வடிவமைப்புக் குழுவின் பதில் எழுத்தில் வேண்டும்.

இந்தப் பிரிப்பைச் சோதனை சர்வரில் நாங்களே செய்து ஓட்டிவிட்டோம். ஆனால் நுழைவாயில் விதியைத் திருத்தினால் பராமரிப்பு ஒப்பந்தம் செல்லாது என்று அதில் எழுதியிருப்பதால் நேரடிச் சர்வரில் கை வைக்க முடியவில்லை. எனவே 15 நாட்களுக்குள் இந்தப் பிரிப்பை நேரடிச் சர்வரில் செய்து தர உங்கள் பொறியாளரை அனுப்புங்கள், அல்லது நாங்களே செய்துகொள்ள எழுத்துபூர்வ அனுமதி கொடுங்கள். புரொட்யூசரில் முன்னுரிமை வைக்கும் திருத்தம் அடுத்த பேட்ச்சில் வர வேண்டும். அது வரும்வரை அந்த 9 பெட்டியைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள், வேறு மருத்துவமனைகளும் அதை நம்பிக்கொண்டிருக்கும். வேலை செய்யாத வசதிக்காக இந்த ஆண்டு பராமரிப்புக் கட்டணத்தில் வாங்கிய பகுதியை அடுத்த பில்லில் கழித்துத் தர வேண்டும்.

300 செய்திச் சோதனையின் பதிவுக் கோப்பும் கன்சோல் படங்களும் புகார்ச் சீட்டில் ஏற்றப்பட்டுள்ளன. அதே சோதனையை உங்கள் இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு அழையுங்கள்.

இப்படிக்கு,
ஒருங்கிணைப்புப் பொறியாளர்கள்