ரொக்கம் வாங்க ஒரு கவுண்டராவது திறந்திருக்கட்டும்: ஒரு திறந்த மடல்

பழங்கோயில் வளாகங்களின் நுழைவுச்சீட்டு விற்பனைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு, வணக்கம்.

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள கோயில் வளாகங்களில் நுழைவுச்சீட்டு எப்படி விற்கப்படுகிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கட்டணத்தை வகுத்ததும் நீங்கள்தான், போனில்தான் சீட்டு எடுக்க வேண்டும் என்று கவுண்டருக்கு முன்னால் கியூஆர் பலகையை நிறுத்தியதும் நீங்கள்தான். அந்தப் பலகையின் முன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் வெயிலில் நின்ற ஒரு முற்பகலைப் பற்றித்தான் இந்த மடல். எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. படித்து முடிக்க உங்களுக்கு நேரம் கிடைக்காமல் போகலாம் என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளாகம் திறந்திருக்கும் நேரம் முழுவதும், வாசலில் ரொக்கம் வாங்கிச் சீட்டுக் கொடுக்க ஒரு கவுண்டராவது திறந்திருக்க வேண்டும்.

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த மகளிர் சுயஉதவிக் குழுவினர். பெரும்பாலோர் முந்திரி ஆலையில் கொட்டை உடைப்பவர்கள், பருப்பின் தோல் உரிப்பவர்கள். சிலர் ரப்பர் தோட்டங்களுக்குப் பால்வெட்டுக்குப் போகிறவர்கள். குழுவின் கணக்குப் புத்தகத்தை எழுதுவது என் வேலை. வாரச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, வேன் பேசி, வெளியூர்க் கோயில்களைப் பார்த்து வருவது எங்கள் வழக்கம். சுசீந்திரத்தில் தட்டினால் இசைக்கும் தூண்களையும், நெடிதுயர்ந்த ஆஞ்சநேயரையும் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்தபோது அந்தக் கூட்டத்தில் நின்று கும்பிட்டவர்களும் இவர்களில் உண்டு. கோயில் வாசலில் நிற்பது இவர்களுக்குப் புதிதில்லை. கையில் காசை வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்க நேர்ந்ததுதான் புதிது.

அது எந்த வளாகம் என்பதை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இளைஞருக்கு மெமோ வாங்கிக் கொடுப்பது எங்கள் நோக்கமில்லை. மேலிடத்தில் சொன்னதை அவர் செய்தார். அந்த மேலிடத்துக்குத்தான் இந்த மடல்.

நாங்கள் எல்லோரும் அம்மச்சி என்று கூப்பிடும் மூத்தவர் ஒருவர் குழுவில் இருக்கிறார். வரிசையில் முதலில் போய் நின்றவர் அவர்தான். இரண்டு இருபது ரூபாய் நோட்டுகளை இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எடுத்து, நீவி, கண்ணாடியில் இருந்த அரைவட்ட ஓட்டை வழியாக நீட்டினார். அந்த இளைஞர் நோட்டைத் தொடாமல் வெளியே இருந்த பலகையைக் காட்டினார். அம்மச்சியிடம் செல்போன் இல்லாமல் இல்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் வாங்கி அனுப்பிய விலையுயர்ந்த போன் அது. ஆனால் அது கைரேகை வைத்தால் திறக்கும் போன். அம்மச்சியின் கைக்கு அது திறப்பதில்லை. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆமணக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு, சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும், ஆண்டுக்கணக்கில் அந்த வேலை செய்தவர்களின் விரல் நுனி கறுத்து, உரிந்து, மறுபடியும் கறுத்து, கடைசியில் ரேகையே இல்லாமல் வழுவழுப்பாகிவிடும். அம்மச்சி ஒவ்வொரு விரலாகச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். போன் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு நடுக்கம் நடுங்கிவிட்டு மூடிக்கொண்டது. திறப்பதற்கான எண் மகனுக்குத்தான் தெரியும். மகனோ வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாத இடத்தில் இருந்தார்.

“ரூவா இருக்கே மக்களே, பின்ன எதுக்கு போன் கேக்குதாவ?” என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கும் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

என் போனில் எல்லோருக்கும் சேர்த்து வாங்கிவிடலாம் என்று முயன்றேன். ஒவ்வொருவரின் பெயர், வயது, அடையாள அட்டை எண் என்று அந்தப் படிவம் கேட்டுக்கொண்டே போனது. ஆதார் அட்டைகளோ வேனில் இருந்த பைகளில் கிடந்தன. அவற்றை எடுத்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டு இலக்கங்களை வெயிலில் மங்கித் தெரியும் திரையில் தட்டி முடிப்பதற்குள், நேரம் கடந்துவிட்டது, மீண்டும் தொடங்குங்கள் என்றது. ஒரு முறை கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, சீட்டு வரவில்லை. ஊர் திரும்பிய பிறகு அந்தப் பணம் கணக்கில் திரும்ப ஏறியது. அதற்காக நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை.

கடைசியில் எங்களை உள்ளே அனுப்பியவர் எதிரே பெட்டிக்கடை வைத்திருந்தவர். தலைக்கு ஐம்பது ரூபாய் ரொக்கமாக வாங்கிக்கொண்டு, தன் போனில் சீட்டுகளை மளமளவென்று எடுத்து என் போனுக்கு அனுப்பிவைத்தார். பலரையும் இப்படி அனுப்பிப் பழகிய கை அது. அவர்மீது எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் எங்கள் கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு செலவுக்கும் ரசீது ஒட்ட வேண்டும். சீட்டு விலைக்கு மேல் கொடுத்த தொகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று வேனில் வரும் வழியெல்லாம் பேசினோம். ‘நுழைவுச்சீட்டு எடுத்துக் கொடுத்த கூலி’ என்று எழுதியிருக்கிறேன். அந்த வேலைக்கான சம்பளத்தைக் கவுண்டரில் ஒருவருக்கு நீங்களும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதைப் பணிவோடு நினைவுபடுத்துகிறேன்.

அந்த வாசலில் எதற்குமே ரொக்கம் செல்லாமல் போயிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். வேனை நிறுத்த ரொக்கம் வாங்கினார்கள், கையால் கிழித்த சீட்டும் கொடுத்தார்கள். செருப்பு வைக்க ரொக்கம். கழிப்பறை வாசலில் உட்கார்ந்திருந்தவர் சில்லறையை எண்ணிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். கல்லில் குடைந்த கோயிலைப் பார்ப்பதற்கு மட்டும்தான் எங்கள் காசு செல்லாக்காசாகிவிட்டது.

உங்கள் கட்டண அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். முதல் வகை நினைவுச்சின்னங்களுக்கு இந்தியர் ரொக்கமாகச் செலுத்தினால் 40 ரூபாய், ரொக்கமின்றிச் செலுத்தினால் 35 ரூபாய். ரொக்கத்துக்கென்று தனி விலையை அச்சிட்டு வைத்துவிட்டு, அந்த விலையைக் கொண்டு வருகிறவரிடம் வாங்க மாட்டோம் என்பது எந்தக் கணக்கில் சேரும்? போன் வைத்திருப்பவருக்கு ஐந்து ரூபாய் குறைவு என்பதை ஊக்கத்தொகை என்று நீங்கள் சொல்கிறீர்கள். நல்லது, அவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். எங்களுக்கு அந்த ஐந்து ரூபாய் வேண்டாம். அந்தச் சலுகையைக் கேட்டு நாங்கள் வரவே இல்லை. முழு 40 ரூபாயையும் தருவதற்கே வந்தோம். 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, வங்கி நோட்டு நாடெங்கும் செல்லுபடியாகும் பணம் என்கிறது. அம்மச்சி நீட்டிய நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநரே உறுதிமொழி எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். அந்தக் கையொப்பம் உங்கள் கண்ணாடி ஓட்டையைத் தாண்டவில்லை.

இந்த முறை எப்போது வந்தது என்பதும் எங்களுக்கு மறந்துவிடவில்லை. கொரோனாவுக்காக மூடப்பட்ட நினைவுச்சின்னங்கள் 2020 ஜூலையில் மீண்டும் திறக்கப்பட்டபோது மின்சீட்டு மட்டுமே என்று விதித்தார்கள். ஒருவர் தொட்ட நோட்டை இன்னொருவர் தொட அஞ்சிய காலம். அன்று அது சரிதான். இன்று முகக்கவசத்தை நீங்களும் கழற்றிவிட்டீர்கள், நாங்களும் கழற்றிவிட்டோம். நாங்கள் போன வாசலில் நோட்டைத் தொடுவதற்கான அச்சம் மட்டும் இன்னும் நீங்கவில்லை.

ரொக்கம் வாங்கினால் கணக்கில் ஓட்டை விழும், கிழித்த சீட்டே மறுபடி விற்கப்படும், வரிசை நீளும் என்பவை உங்கள் தரப்பு நியாயங்களாக இருக்கலாம். பொய்யென்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊர்ப் பேருந்தில் நடத்துநர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் உள்ள சிறு இயந்திரத்தில் சீட்டை அடித்து, சில்லறையும் கொடுத்து, வளைவில் சாயாமல் நிற்கிறார். பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்திலும் கையில் ஒரு சீட்டைத் தந்துவிட்டுத்தான் நகர்கிறார். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகுச்சீட்டு வாங்க விடுமுறை நாளில் வந்து பாருங்கள். வரிசை தெருவரை வரும், வெயில் மண்டையைப் பிளக்கும். இருந்தாலும் முறை வந்து ரூபாயை நீட்டினால் சீட்டு வரும். ஆடும் படகுக்கே அது முடிகிறது என்றால் அசையாத கல்லுக்கு முடியாதா?

சொல்லப்போனால் இது உங்கள் வாசலோடு முடிகிற சங்கதியுமில்லை. ரேஷன் கடையில் ரேகை விழவில்லை என்று அம்மச்சியை மறுநாள் வரச் சொல்கிறார்கள். வங்கியில் பணம் எடுக்கப் போனால் வெளியே இருக்கும் இயந்திரத்தைக் காட்டுகிறார்கள். இயந்திரம் பழுதென்றால் உள்ளே போகச் சொல்கிறார்கள். உழைத்துத் தேய்ந்த விரலுக்கு இந்த நாட்டில் அடையாளம் கிடையாது போலும். 2020-ஆம் ஆண்டு மகளிர் தினத்தில் நினைவுச்சின்னங்களுக்குப் பெண்கள் கட்டணமின்றி வரலாம் என்று மத்திய அரசு அறிவித்தது, மகிழ்ச்சி. எங்களுக்கு இலவசம்கூட வேண்டாம் ஐயா, காசு கொடுக்க ஒரு வழி செய்து கொடுத்தால் போதும்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். பலகையை எடுத்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. போன் உள்ளவர்கள் வரிசையில் நிற்காமல் உள்ளே போவது எங்களுக்கும் நல்லதே. அதன் பக்கத்தில் ரொக்கம் வாங்கும் ஒரு கவுண்டர், காலை திறப்பு முதல் மாலை மூடும்வரை, உணவு இடைவேளையில் மாற்று ஆளோடு இயங்க வேண்டும் என்றுதான் திரும்பவும் கேட்கிறோம். குழுவாக வருகிறவர்களுக்குத் தலைகளை எண்ணி ஒரே சீட்டாகக் கொடுத்தால் உங்களுக்கும் வேலை குறையும். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை என்பதையும், ரொக்கம் எங்கே வாங்கப்படும் என்பதையும் அந்தந்த ஊர் மொழியில், நின்று படிக்கும் உயரத்தில், எழுதி வைத்தால் நன்றாக இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலையும் தாராசுரத்தையும் கட்டணமில்லாமல் பார்த்துவிட்டு வருகிற எங்களைப் போன்றவர்களுக்கு, எந்த வளாகத்தில் சீட்டு வேண்டும், எங்கே வேண்டாம் என்பதே வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

தை மாதத்தில் மறுபடியும் வேன் பேசுவதாக இருக்கிறோம். அதற்கு முன் ரொக்கக் கவுண்டர் எந்தெந்த வளாகங்களில் எந்த நாளிலிருந்து திறக்கப்படும் என்பதை அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் குழுவின் முகவரியை உறைமேல் எழுதியிருக்கிறேன். பதிலைத் தபாலில் அனுப்பினால் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வசதியாக இருக்கும். இணையத்தில் பதிவேற்றிவிட்டு இணைப்பை மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
பணிவுடன்,
குழுவின் கணக்கை எழுதுபவள்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.