தொப்புளில் ஒன்றும் வைக்காதே, பாப்பா

பாளையங்கோட்டை,
புதன் இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

நேற்று போனில், உன் பித்தப்பை ஆபரேஷனைப் பற்றி, "நாலே நாலு பொட்டு மாதிரி ஓட்டைதாம்மா, ஒண்ணும் இல்லை" என்றாய். சின்ன வயதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து, பாவாடையை இழுத்து மூடியபடி சொல்வாயே, அதே "ஒண்ணும் இல்லை." எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, படம் எடுத்து மாப்பிள்ளை போனுக்கு அனுப்புகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள்.

தோலில் நாலு பொட்டுதான். ஆனால் உள்ளே ஒரு உறுப்பையே எடுத்திருக்கிறார்கள். ஈரலை ஒட்டிக் கிடந்த பித்தப்பையைப் பிரித்து, அதற்குப் போகிற பித்தக்குழாய்க்கும் ரத்தக்குழாய்க்கும் கிளிப் போட்டு அறுத்து, கல்லோடு சேர்த்து வெளியே எடுத்தாயிற்று. நான் ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதே ஆபரேஷனுக்கு வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுவார்கள். இருமினால் கத்துவார்கள் பாவம். ஒரு வாரம் பத்து நாள் கட்டிலில் இருப்பார்கள். ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற சர்ஜன் 1985-ல் பித்தப்பையைத் துளை வழியாக எடுத்துக் காட்டினார். நம் நாட்டில் 1990-ல் மும்பையில் டாக்டர் உத்வாடியா செய்தார். பிறகு எங்கள் வார்டுக்கும் வந்தது. வந்த பிறகு நான் பார்த்த ஒரு புதுச் சங்கடம், நோயாளிகள் ஆபரேஷன் ஆனதையே மறந்துவிடுவது. ஒரு விவசாயி மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார், அடுத்த வாரமே உர மூட்டையைத் தூக்கினார். சில மாதம் கழித்துத் தொப்புள் பக்கம் எலுமிச்சம்பழம் போலப் பிதுங்கிக்கொண்டு திரும்பி வந்தார். குடலிறக்கம். இன்னொரு ஆபரேஷன்.

அதனால் முதலில் தண்ணீர் கேன். இருபது லிட்டர் என்றால் இருபது கிலோ. அதைத் தூக்கிக் கவிழ்க்கும் வேலை இனி ஆறு வாரத்துக்கு மாப்பிள்ளையுடையது. கேஸ் சிலிண்டரை நகர்த்துவது, ஈரத்துணி வாளி, எல்லாமே அப்படித்தான். ஒரு கையால் சிரமமில்லாமல் எடுக்க முடிகிறதை மட்டும் எடு, நாலைந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். குட்டிப் பயல் "தூக்கு"ன்னு காலைக் கட்டிக்கொள்வான், அதுதான் கஷ்டம். நீ சோபாவில் உட்கார்ந்துகொள், அவனே ஏறி உன் பக்கத்தில் வரட்டும். வயிற்றில் முட்டாமல் இருக்க நடுவில் ஒரு தலையணை. இருமல், தும்மல் வந்தாலும் அதே தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள். எழுந்திருக்கும்போது மல்லாந்தபடி எம்பாதே. ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழு.

தோள்பட்டை ஏன் வலிக்கிறது என்று கேட்டாயே. ஆபரேஷன் செய்ய இடம் வேண்டும் என்று வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி, கூடாரம் போலத் தூக்கிக்கொள்வார்கள். முடிந்ததும் வெளியே விட்டாலும் கொஞ்சம் தங்கும். அது உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசையை, உறுத்தும். அதற்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது. அதே இடத்திலிருந்துதான் தோளுக்கும் நரம்பு போகிறது, அதனால் வலி தோளில் தெரிகிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். வீட்டுக்குள்ளேயே மணிக்கொரு தரம் நட, வெந்நீர்ப் பையைத் தோளில் வை. நடப்பது காலில் ரத்தம் கட்டாமல் இருக்கவும்தான், சோம்பிப் படுத்தே கிடக்காதே. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ அதை வாயு என்று நினைத்து உட்கார்ந்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரி.

இப்போது காயம். இரண்டு நாள் கட்டு நனையக் கூடாது. அப்புறம் உன் சர்ஜன் சரி என்றால் ஊற்றிக் குளிக்கலாம். தண்ணீர் காயத்தின் மேல் வழிந்து ஓடட்டும், சோப்பைப் போட்டுத் தேய்க்காதே. துடைக்காமல் சுத்தமான பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடு. நாலில் ஒன்று தொப்புளில் இருக்கிறது. மற்ற மூன்றும் தானே காய்ந்துவிடும். தொப்புள் குழி அப்படி இல்லை. அதில் ஈரம் தங்கும், அழுக்கு சேரும். இந்த ஆபரேஷனில் சீழ் பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். மடிப்பை மெதுவாக விரித்து, துணி முனையால் ஒற்றி, கொஞ்ச நேரம் காற்றாட விட்டுப் பிறகு உடுத்து. பாவாடை நாடா சரியாக அந்த இடத்தில்தான் அழுத்தும், தையல் பிரிக்கும் வரை நைட்டியே போதும்.

உன் மாமியார் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசச் சொன்னதாகச் சொன்னாய். பாசத்தில்தான் சொல்கிறார்கள், எதிர்த்துப் பேசாதே. "அம்மா வந்து பார்த்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க அத்தை" என்று சொல், நான் வந்து பேசிக்கொள்கிறேன். ஆனால் பூசாதே. பவுடரும் வேண்டாம், மருந்துக்கடையில் தருகிற களிம்பும் வேண்டாம்.

உன் தொப்புளுக்காக நான் சண்டை போடுவது இது இரண்டாவது தடவை. நீ பிறந்தபோது, தொப்புள்கொடி காய்வதற்குள் ஆச்சி சாம்பலையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "ஒண்ணும் வைக்கக் கூடாது, அதுவா காஞ்சு விழும்" என்று நான் மறித்தேன். ஆச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. விளக்கைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இரவும் அந்தக் கறுத்த முனையைப் பார்ப்பேன், சிவந்திருக்கிறதா, வாடை வருகிறதா என்று. எட்டாம் நாள் குளிப்பாட்டும்போது துண்டோடு வந்துவிட்டது. அடியில் பட்டாணி அளவுக்கு இளஞ்சிவப்பாகத் தோல். அதே இடத்தில் இப்போது கத்தி பட்டிருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்க்க முடியவில்லை என்கிற தவிப்பு எனக்கு.

அதனால் எனக்காக ஒன்று செய். தினமும் காலையில், ஜன்னல் பக்கம், ஒரே இடத்தில் நின்று, நாலு காயத்தையும் மாப்பிள்ளையைப் படம் எடுத்து அனுப்பச் சொல். முதல் இரண்டு நாள் லேசாகச் சிவந்த நீர் கசிவதும், சுற்றிக் கன்றி நீலமாகிப் பிறகு மஞ்சளாவதும், தொட்டால் அடியில் கெட்டியாக இருப்பதும் சகஜம். சிவப்பு பரவுகிற மாதிரி தோன்றினால் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு வை. கோட்டைத் தாண்டினால், சீழ் வந்தால், வாடை வந்தால், காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினால் சர்ஜனிடம் போய்விடு. வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்து வந்த வலி திரும்பக் கூடினாலோ, வயிறு உப்பிக்கொண்டே போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கடுங்காபி நிறமானாலோ, மலம் சுண்ணாம்பு போல வெளுத்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நடுராத்திரி என்றாலும் கிளம்பு. பித்தம் உள்ளே கசிந்தாலோ கல் குழாயில் தங்கியிருந்தாலோ இப்படித்தான் காட்டும், கெண்டைக்கால் வீங்குவது மட்டும் காலில் ரத்தம் கட்டியதற்கு அடையாளம். எனக்கு அப்புறம் போன் பண்ணலாம்.

இன்னொன்று, இதை நிறையப் பேர் சொல்வதில்லை. நன்றாக ஆறி, ஒரு மாதம் கழித்து, தழும்பில் சின்னக் கட்டி கிளம்பி நீர் வடிந்தால் சாதாரணமாக நினைக்காதே. கருவிகளைச் சரியாகக் கிருமி நீக்காத இடங்களில், தண்ணீரில் வாழும் ஒரு கிருமி, காசநோய்க் கிருமியின் பங்காளி, இப்படி மெதுவாகக் கிளம்பும். வழக்கமான மாத்திரைக்கு அது கேட்காது. என் வார்டில் ஒரு பெண் மூன்று மாதம் மருந்துக்கடை மாத்திரையிலேயே காலத்தை ஓட்டிவிட்டு வந்தாள். வடியும் நீரைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். உனக்கு வராது, ஆனாலும் தெரிந்திருக்கட்டும்.

சாப்பாட்டில் பத்தியம் என்று பட்டினி கிடக்காதே. முட்டையும் தயிரும் சீழ் வைக்கும் என்பது உண்மையில்லை. காயம் ஆறப் புரதம் வேண்டும். பாசிப்பருப்பு, முட்டை, எண்ணெய் குறைத்த மீன் குழம்பு எல்லாம் சாப்பிடு. பித்தம் இனி பையில் சேராமல் நேராகக் குடலில் சொட்டும், அதனால் பொரித்ததையும் தேங்காய்ப்பாலையும் கொஞ்ச வாரம் தள்ளிவை, சிறுகச் சிறுகச் சாப்பிடு. வலி மாத்திரையில் சிலது மலத்தைக் கட்டும். தண்ணீர், கீரை, வாழைப்பழம். முக்கக் கூடாது.

வலி மாத்திரையை எழுதிக் கொடுத்த நேரத்துக்குப் போடு, பொறுத்துக்கொள்வது ஒரு பெருமை இல்லை. தையலுக்கு எட்டாம் நாள் வரச் சொன்னார்களே, அன்றைக்குப் பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பிய ரிப்போர்ட்டையும் மறக்காமல் வாங்கிக்கொள். ஸ்கூட்டர் இப்போதைக்கு வேண்டாம்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இன்று ஐந்தாம் நாள். இரண்டு மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும், அதனால்தான் நான் இன்னும் இங்கே கிடக்கிறேன். நாளைக்குச் சித்தி வந்துவிடுவாள். வெள்ளிக்கிழமை நாகர்கோவில் – பெங்களூர் வண்டியில் ஏறிவிடுவேன். ஸ்டேஷனுக்கு நீ வரக் கூடாது, மாப்பிள்ளையும் பிள்ளையை விட்டு வர வேண்டாம். நானே ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன்.

நாளைக் காலைப் படத்துக்குக் காத்திருக்கிறேன். தொப்புள் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
அன்பு அம்மா