பாப்பாவின் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டேன்

அன்பு மாப்ள,

நலமா? மஸ்கட்டில் வெயில் எப்படி? இங்கே பங்குனி பிறந்த மூன்றாம் நாளே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தது நல்லபடியாக முடிந்தது. மறுநாளே கட்டைப் பிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் உன்னைத்தான் கேட்டார். கண் தெளிந்ததும் உன் கல்யாண ஆல்பத்தை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார்.

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். "அக்கா பொண்ணு ரிப்போர்ட் முடிச்சுட்டா, ஃபார்மேட் மட்டும் கொஞ்சம் பாத்துக் குடு" என்று சொல்லியிருந்தாய். பாப்பா அன்றைக்கே பைலை அனுப்பிவிட்டாள். கான்கிரீட்டில் சிமென்ட்டுக்குப் பதிலாகக் கொஞ்சம் ஃப்ளை ஆஷ், அதாவது அனல்மின் நிலையச் சாம்பல், கலந்து பார்த்த கடைசி வருஷ இன்ஜினியரிங் புராஜெக்ட். 82 பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தவன் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன். விஷயம் ஃபார்மேட்டோடு முடியவில்லை. அதனால்தான் போனில் நாலு வார்த்தை சொல்லி முடிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ஃபார்மேட். அண்ணா பல்கலைக்கழகம் சொல்லும் வரிசை நம் காலத்தில் இருந்த அதே வரிசைதான். அட்டை, டைட்டில் பக்கம், போனஃபைட் சர்டிஃபிகேட் (பிள்ளைகளே செய்த வேலை என்ற சான்று), அப்ஸ்ட்ராக்ட் (சுருக்கம்), பொருளடக்கம், அட்டவணைப் பட்டியல், படங்களின் பட்டியல், குறியீடுகள், அப்புறம் அத்தியாயங்கள், பின்னிணைப்பு, கடைசியில் ரெஃபரன்ஸ். எழுத்து டைம்ஸ் நியூ ரோமன், அளவு 14, வரிக்கு வரி ஒன்றரை இடைவெளி. அப்ஸ்ட்ராக்ட் மட்டும் இரட்டை இடைவெளியில் ஒரே பக்கத்துக்குள் அடங்கவேண்டும். அந்த டைம்ஸ் நியூ ரோமன் எழுத்து லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்காகச் செய்து, 1932இல் அதில் முதலில் அச்சானது. ஒடுங்கிய பத்தியில் நிறைய வார்த்தை பிடிக்கவேண்டும் என்பதற்காக வடிவமைத்த எழுத்தை நாம் ஏ4 தாளில் 14 அளவில் போடுகிறோம். அதனால்தான் பக்கம் இப்படி நீளுகிறது. கன்டென்ட் பத்தாது என்று பயந்து பிள்ளைகள் நெட்டிலிருந்து எடுத்து நிரப்பவேண்டிய அவசியமே இல்லை.

அட்டையில் தலைப்பு ஒரு மாதிரி, போனஃபைட்டில் வேறு மாதிரி இருந்தது. ஓரிடத்தில் "ஃப்ளை ஆஷ்", இன்னோரிடத்தில் அதே சாம்பலுக்கு "பிஎஃப்ஏ". இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். புராஜெக்டைச் சேர்ந்து செய்த நாலு பேர் பெயரும் மார்க் ஷீட்டில் இருப்பது போலவே, இனிஷியல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே வரவேண்டும். 12 இலக்கப் பதிவெண்ணில் ஒருத்தியுடையதில் ஓர் எண் குறைந்திருந்தது. இதையெல்லாம் சொன்னதும் ஒரே மணி நேரத்தில் சரிசெய்துவிட்டாள்.

பொருளடக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு 2006 ஞாபகம் வந்தது. உனக்கு மறந்திருக்காது. பொருளடக்கத்தை நாம் கையாலேயே டைப் அடித்து, புள்ளி புள்ளியாக வைத்து, பக்க எண்ணை வரிசைப்படுத்தினோம். கடைசி ராத்திரி பிரவுசிங் சென்டரில் நீ இரண்டு போட்டோவைச் சேர்த்தாய். உள்ளே எல்லாப் பக்கமும் இரண்டு இரண்டாகத் தள்ளிப்போனது யாருக்கும் தோன்றவில்லை. ஐந்து காப்பியும் பைண்டிங் ஆகி வந்தபிறகு வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், பொருளடக்கத்தைப் பார்த்து 31ஆம் பக்கத்தைத் திருப்பினார். அங்கே நாலாம் அத்தியாயம் இல்லை. "எங்கப்பா ரிசல்ட்டு?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நம் ரிசல்ட் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து அவர் ஒவ்வொரு எண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

பாப்பாவும் அதே வேலையைத்தான் செய்து வைத்திருந்தாள், இருபது வருஷம் கழித்து. அவளுடைய கம்ப்யூட்டரை என் வீட்டுத் திண்ணையில் வைத்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அத்தியாயத் தலைப்புக்கெல்லாம் 'ஹெடிங் 1', உட்தலைப்புக்கு 'ஹெடிங் 2' என்று ஸ்டைல் கொடுத்துவிட்டால் பொருளடக்கத்தை வேர்டே போட்டுக்கொடுக்கும். படத்துக்கும் அட்டவணைக்கும் 'இன்செர்ட் கேப்ஷன்' வழியாக எண் கொடுத்தால் அந்த இரண்டு பட்டியலும் தானாக வந்துவிடும். எங்காவது பக்கம் கூடினால் எல்லாவற்றையும் செலக்ட் செய்து எஃப்9 அழுத்தினால் போதும். முன்பக்கங்களுக்குச் சின்ன ரோமன் எண்ணும் அத்தியாயம் ஒன்றிலிருந்து 1, 2, 3 என்றும் வரவேண்டும். அதற்காக அவள் இரண்டு தனி பைல் வைத்திருந்தாள். ஒரே பைலில் நடுவே 'செக்‌ஷன் பிரேக்' போட்டு, 'லிங்க் டு ப்ரீவியஸ்' என்பதை எடுத்துவிட்டு, எண்ணை 1இலிருந்து தொடங்கச் சொன்னேன். "இவ்ளோதானா மாமா" என்று கேட்டாள். நாலு வருஷத்தில் இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. நானும் வாத்தியார்தானே.

ரெஃபரன்ஸ் பட்டியல் பாதி ஐ.இ.இ.இ. முறையில் சதுர அடைப்புக்குள் எண்ணோடு இருந்தது, பாதி ஆசிரியர் பெயர் அகர வரிசையில். பல்கலைக்கழக ஃபார்மேட் கேட்பது அகர வரிசை. அதையும் மாற்றியாகிவிட்டது.

சரி, இப்போது உள்ளே இருப்பதற்கு வருகிறேன்.

82 பக்கத்தில் முதல் 35 பக்கம் சிமென்ட்டின் வரலாறு, கான்கிரீட்டின் வரலாறு, ஃப்ளை ஆஷ் என்றால் என்ன. எதுவும் அவள் நடையில் இல்லை. ஒரு பத்தியைப் படித்துவிட்டு "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டேன். முழித்தாள். நெட்டில் எடுத்ததை ஏதோ ஒரு சாஃப்ட்வேரில் போட்டு வார்த்தைகளை மாற்றியிருக்கிறார்கள். அந்த மாதிரி சாஃப்ட்வேர்கள் "ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்" என்பதை "கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்" என்று மாற்றி, அது ஆராய்ச்சிக் கட்டுரைகளிலேயே அச்சாகி மாட்டிக்கொண்ட கதை உலகத்துக்கே தெரியும். ஆய்வேடுகளுக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் யு.ஜி.சி. 2018இல் போட்ட விதிப்படி 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை, அதற்கு மேல் போனால் நடவடிக்கை. பிள்ளைகள் அந்தப் பத்துக்குள் வருவதற்காக வார்த்தையை மாற்றுகிறார்களே தவிர, புரிந்துகொண்டு எழுத உட்காருவதில்லை. அந்த 35 பக்கத்தை 12 பக்கமாகக் குறைத்து அவளே எழுதட்டும் என்று சொன்னேன். இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை. தடுமாற்றத்தைத் திருத்திக்கொடுக்க நான் இருக்கிறேன்.

அவர்கள் கையால் செய்த வேலை வெறும் ஒன்பது பக்கத்தில் சுருங்கிக் கிடந்தது. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை. எவ்வளவு வேலை தெரியுமா? எம்25 கான்கிரீட், அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கவேண்டிய ரகம். சிமென்ட்டில் 0, 10, 20, 30 சதவீதம் ஃப்ளை ஆஷ் மாற்றி, 7 நாளுக்கு மூன்று, 28 நாளுக்கு மூன்று என்று மொத்தம் 24 க்யூப், அதாவது சோதனைக்கு வார்க்கும் கனசதுரக் கட்டி. மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல். ஒரு க்யூப் எட்டுக் கிலோ. நாலு பெண்பிள்ளைகள் வார்த்து, மறுநாள் மோல்டு கழற்றி, க்யூரிங் தொட்டியில் இறக்கி, தூக்கி, துடைத்து, அழுத்திப் பார்க்கும் சி.டி.எம். மெஷினில் வைத்து உடைத்திருக்கிறார்கள். இது எதுவும் ரிப்போர்ட்டில் இல்லை. கூடவே நின்று தூக்கிக்கொடுத்த லேப் அண்ணன் பெயர் நன்றி சொல்லும் பக்கத்திலும் இல்லை. அந்தப் பக்கத்தை சீனியர்களுடைய ரிப்போர்ட்டில் இருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். 28 நாள் அட்டவணையில் 20 சதவீத வரிசையைப் பார்த்தேன். மூன்று க்யூபின் வலிமையும் சதுர மில்லிமீட்டருக்கு 34.2, 33.6, 34.0 நியூட்டன். இதை வைத்துத்தான் "20 சதவீதமே சிறந்தது" என்று முடிவுரை எழுதியிருந்தாள். பின்னிணைப்பில் லேப் நோட்டை ஸ்கேன் செய்து வைத்திருந்தாள். அதில் க்யூப் உடைந்த லோடு 770, 755 கிலோ நியூட்டன் என்று இருந்தது. மூன்றாவது எண்ணின்மேல் ஒயிட்னர் பூசி 765 என்று எழுதியிருந்தது. வேறு பேனா.

நான் திட்டவில்லை மாப்ள. "முதல்ல என்ன வந்துச்சு?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் திண்ணைத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் "580 மாமா" என்றாள்.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம். 580 கிலோ நியூட்டனை க்யூபின் ஒரு முகத்துப் பரப்பான 22,500 சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் 25.8. மூன்றுக்கும் சராசரி 31.2. எம்25 கலவைக்கு எட்டவேண்டிய டார்கெட் 31.6. அதற்குக் கீழே போய்விட்டதே என்று கூட இருந்த பிள்ளைகள் பயந்துபோய் மாற்றியிருக்கிறார்கள். கான்கிரீட்டுக்கான இந்திய கோடு (விதிநூல்) ஐ.எஸ். 456இல் இதற்கு வழி எழுதியே இருக்கிறது. மூன்றில் எதுவும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது, விலகினால் அந்த ரிசல்ட் செல்லாது. 31.2க்கு 15 சதவீதம் கீழே என்றால் 26.5. இவளுடையது 25.8. ஆக, மாற்றியிருக்கவே வேண்டாம். "இந்த சாம்பிள் செல்லாது" என்று கோடு நம்பரோடு ஒரு வரி எழுதியிருந்தால் அது எக்ஸ்டர்னலுக்கு முன்னால் தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய வரி. கோடை நாலு வருஷம் மனப்பாடம் செய்தார்கள். தேவைப்பட்ட நாளில் அதைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் லேபுக்குப் பின்னால் குவித்திருந்த உடைந்த க்யூப்களைக் கிளறி அந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். பெயின்ட்டில் எழுதிய நம்பர் அழியவில்லை. போட்டோ அனுப்பினாள். ஒரு மூலையில் ஜல்லி தனித்தனியாகத் தெரிய, நடுவே விரல் நுழையும் அளவுக்குப் பொந்து. ஹனிகோம்ப். வார்க்கும்போது காற்று போக அந்த மூலையைச் சரியாகக் குத்திவிடவில்லை, அவ்வளவுதான். அந்தப் போட்டோவைப் படம் 4.6 என்று போட்டு, என்ன நடந்தது என்று அரைப் பக்கம் எழுதச் சொன்னேன். அன்று ராத்திரி பதினொரு மணிக்கு எழுதி அனுப்பினாள். 82 பக்கத்திலும் அதைவிட நல்ல அரைப் பக்கம் இல்லை.

கைடு மேடத்திடம் போய் அவளே சொல்லிவிட்டாள். அந்த அம்மா நல்லவர். 20 சதவீதத்துக்கு மட்டும் இன்னும் மூன்று க்யூப் வார்த்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். மார்ச் 17ஆம் தேதி வார்க்கலாம் என்றார்கள். 28 நாள் எண்ணிப் பார்த்தால் ஏப்ரல் 14, சித்திரை ஒன்று, லேப் பூட்டியிருக்கும். அதனால் ஒருநாள் முந்தி 16ஆம் தேதியே வார்த்துவிட்டார்கள். இந்த முறை மூலை மூலையாகக் குத்தினாளாம். சப்மிஷன் ஏப்ரல் 20ஆம் தேதி. ரிசல்ட் வந்து ஒரே வாரம் இருக்கிறது, போதும். மற்ற பக்கங்களை அதற்குள் முடித்துவிடுவாள்.

பைண்டிங் கடைக்கு அவசரப்பட்டுப் போகவேண்டாம் என்று சொல்லிவை. முதலில் பி.டி.எஃப்.பாக மாற்றி அதையே பிரின்ட் எடுக்கவேண்டும். கடைக்காரர் கம்ப்யூட்டரில் வேர்டு பைலைத் திறந்தால் பக்கம் எல்லாம் ஓடிவிடும். ஒரு காப்பி மட்டும் ஸ்பைரல் போட்டு கைடிடம் காட்டி, திருத்தி, அப்புறம்தான் மற்றது. இடது ஓரத்தில் இடம் தாராளமாக விடச் சொல்லியிருக்கிறேன். பைண்டிங் கொஞ்சம் தின்றுவிடும். போனஃபைட் பக்கத்தில் கைடும் ஹெச்.ஓ.டி.யும் எல்லாக் காப்பியிலும் பேனாவால் கையெழுத்துப் போடவேண்டும், ஜெராக்ஸ் கூடாது. அந்தக் கையெழுத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கிக்கொள்ளட்டும்.

நீ இதையெல்லாம் கேட்டு அவள்மேல் கோபப்படாதே. தாய்மாமன் பீஸ் கட்டிப் படிக்க வைக்கிறாரே, மார்க் குறைந்தால் எப்படி முகத்தில் முழிப்பது என்ற பயமும் அந்த ஒயிட்னருக்குள் இருந்தது. அவள் வாயால் சொன்னதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 13ஆம் தேதி காலை பத்து மணிக்கு மூன்று க்யூபும் உடைக்கிறார்கள். உனக்கு அப்போது எட்டரை. சைட்டில் இருந்தாலும் ஒரு போன் போடு. எவ்வளவு வந்தது என்று கேட்காதே, அதை அவளே சொல்வாள்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்